கார்டிங் டிரைவ் எப்போதாவது டிரிப் ஆகிறது: கெப்பாசிட்டரை மாற்றுவதா, அளந்து பார்ப்பதா?

பஞ்சுக்காற்று:
பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில், மோட்டார் வேகத்தை மாற்றும் 11 கிலோவாட் இன்வெர்ட்டர் டிரைவ், வயது இருபதைத் தாண்டியது. சிலிண்டர் வேகம் பிடிக்கும்போது டிசி அண்டர்வோல்டேஜ் (உள்ளே டிசி வோல்ட் குறைவு) என்று டிரிப் ஆகி நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. லீவு முடிந்து ஓட்டும் நாளில் கூடுதல். ரீசெட் போட்டால் ஓடிவிடும். மீட்டர் வைத்தால் டிசி பஸ்ஸில் (ஏசியை டிசி ஆக்கி கெப்பாசிட்டரில் சேர்க்கும் உள் லைன்) 560 வோல்ட் சரியாக நிற்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

சால்டர்புகை:
இருபது வருஷ டிரைவில் என்னங்க ஆராய்ச்சி? எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றுங்க. பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும். பஞ்சு அடைத்த ஹீட்சிங்க் பக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? குளிர்ந்திருக்கும்போது உள்மின்தடை இன்னும் கூடும், அதான் லீவு முடிந்த நாளில் தொல்லை. 105 டிகிரி, குறைந்த உள்மின்தடை ரகம் வாங்குங்க. மைக்ரோ ஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல்.

அளந்துபார்:
கெப்பாசிட்டர் மேல் பழி போடுமுன் கணக்கைப் பாருங்க அண்ணே. 415 வோல்ட் மூன்று ஃபேஸை ரெக்டிஃபை செய்தால் (டிசி ஆக்கினால்) உச்சம் 587. கெப்பாசிட்டரே இல்லையென்றாலும் அலையின் பள்ளம் 508-க்குக் கீழே போகாது. டிரிப் அளவு பெரும்பாலும் 400 சுற்றுவட்டாரம். மூன்று ஃபேஸும் ஒழுங்காக வந்தால், உள்ளே திரவம் வறண்ட கெப்பாசிட்டர் மட்டும் 400-க்கு எப்படி இழுக்கும்?

ஒரு ஃபேஸ் விட்டுவிட்டு வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) பஸ் அலை 300 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபியூஸ், டெர்மினல், டயோடு மூன்றில் ஒன்று. எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் கட்டாயம். ஸ்கோப்பின் எர்த்தைக் கழற்றிவிட்டு சாதாரண புரோப் வைப்பது உயிரோடு விளையாடுவது.

சால்டர்புகை:
மில் லைனில் வோல்டேஜ் தாழ்வே வராதா? பஸ்ஸில் 1500 மைக்ரோ ஃபாரட் இருந்தால், 560-இலிருந்து 400 வரை இறங்கும்போது கிடைப்பது 115 ஜூல். முழு லோடில் அது 10 மில்லிசெகண்ட். பாதி வறண்டால் 5 மில்லிசெகண்ட்தான். பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆனாலே போச்சு.

அளந்துபார்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைன் தாழ்ந்தால் அதே வயசு டிரைவ் உள்ள பக்கத்து கார்டிங்கும் சேர்ந்து விழணும். இது ஒன்று மட்டும், அதுவும் வேகம் பிடிக்கும்போது மட்டும். பவர் போட்டதும் கெப்பாசிட்டருக்குப் பாயும் கரண்டை மட்டுப்படுத்த ஒரு சார்ஜிங் ரெசிஸ்டர் இருக்கும்; எனக்குச் சந்தேகம், சார்ஜ் ஆனபின் அதை பைபாஸ் செய்யும் ரிலே மேல். காண்டாக்ட் சேராவிட்டால் கரண்ட் முழுக்க ரெசிஸ்டர் வழி. 30 ஓம் என்று வையுங்க: சும்மா நிற்கும்போது 560 தெரியும், 5 ஆம்பியர் இழுத்தாலே 150 வோல்ட் காலி. நின்ற நிலையில் மீட்டர் வைத்தால் பிடிபடாதது இதனால்தான்.

லோடில் ஓடும்போது காண்டாக்டின் குறுக்கே அளங்க. 1 வோல்ட்டுக்குள் இருக்கணும். 20 ஆம்பியருக்கு 1 வோல்ட் என்றாலே அங்கே 20 வாட் சூடு. 1000 வோல்ட் தாங்கும் மீட்டர், லீடு முன்கூட்டியே கட்டி, கவரை மூடிய பிறகுதான் பவர்.

பழையபோர்டு:
இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகிறீர்கள். அந்த ரிலே காயிலுக்கு 24 வோல்ட் எங்கிருந்து? பல டிரைவில் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (குறைந்த வோல்ட் தரும் சின்ன பவர் சப்ளை). அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டு, அதே லைனில் ஃபேனும் பேரிங் தேய்ந்து கூடுதலாக இழுத்தால், காயில் வோல்ட் சரிந்து ரிலே துடிக்கும். ஆகவே காயிலையும் காண்டாக்டையும் சேர்த்துப் பாருங்க. காயில் 24-இல் நிற்கும்போது காண்டாக்டில் வோல்ட் ஏறினால் ரிலே கெட்டது. காயிலே சரிந்தால் சப்ளை. ரிலேயே இல்லாமல் தைரிஸ்டர் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த மாடலும் உண்டு. அங்கே அதை ஆன் செய்யும் கேட் பல்ஸைத் தேடணும்.

போர்டைத் தொடுமுன் பாராமீட்டரை எழுதி வைத்துக்கொள்ளுங்க. பவரை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டு, பஸ்ஸை அளந்த பிறகே கை. மிச்சம் இருந்தால் 230 வோல்ட் 100 வாட் பல்பு இரண்டை சீரிஸில் போட்டு இறக்குங்க. ஸ்டோரில் வருஷக்கணக்காகத் தூங்கும் ஸ்பேர் டிரைவை எடுத்து நேரே 415 கொடுத்துவிடாதீங்க. வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) படிப்படியாக ஏற்றணும்.

சால்டர்புகை:
சரி, பஸ் கெப்பாசிட்டரை விடுங்க. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சின்னதுகளை, போர்டைக் கழற்றிய கையோடு மாற்றத்தான் சொல்வேன். கன்ட்ரோலர் ஐசி பக்கத்தில் 47 மைக்ரோ ஃபாரட் மாதிரி ஒன்று நிற்கும், முதலில் சாவது அதுதான்.

அளந்துபார்:
அதில் சண்டை இல்லை. அளந்து எழுதிவைத்த பிறகு மாற்றுங்க, இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது. ரிலேதான் என்று தெரிந்தால் காண்டாக்டை உப்புத்தாளால் தேய்த்து மாட்டாதீங்க. மேல் பூச்சு போய் சீக்கிரமே திரும்ப அதே டிரிப். காயில் வோல்ட், காண்டாக்ட் ஆம்பியர் இரண்டும் பார்த்துப் புதுசு போடுங்க.