அக்கா மகனின் குரல் இருக்கும் மெமரி கார்டு திறக்கவில்லை, உதவுங்கள்

என் அக்கா மகன் போன மாசியில் எங்களை விட்டுப் போய்விட்டான். 19 வயது. பறை என்றால் அவனுக்கு உயிர். தினமும் சாயங்காலம் அடித்துப் பழகுவதைப் போனில் பதிவு செய்து, "மாமா, இது சரியா வருதான்னு கேளு" என்று அதிலேயே பேசியும் வைப்பான். அவன் குரல் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பதிவுகளில் மட்டும்தான். எல்லாம் ஒரே 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கார்டை வேறு போனில் போட்டேன். ஃபார்மட் செய்யச் சொன்னது, செய்யவில்லை. அப்புறம் லேப்டாப்பில் இரண்டு கார்டு ரீடரில் பார்த்தேன். டிரைவ் எழுத்து வருகிறது, திறந்தால் உள்ளே கார்டே இல்லை என்கிறது. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் மென்பொருள்கள் இரண்டிலும் கார்டு தெரியவில்லை. கீறல் இல்லை, தண்ணீர் படவில்லை. ஆனால் ரீடரில் போட்டதும் சூடாகிறது. அதனால் எடுத்து பத்திரமாக வைத்துவிட்டேன்.

மதுரையில் இரண்டு கடைகளில் காட்டினேன். ஒருவர் கைவிரித்தார். இன்னொருவர் பொறுமையாக விளக்கினார்: கன்ட்ரோலர் (கார்டின் மெமரியைப் படித்து எழுதும் பகுதி) போயிருக்கும், மென்பொருளால் முடியாது, கன்ட்ரோலரும் மெமரியும் ஒரே வில்லைக்குள் இருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி, உள்ளே இருக்கும் புள்ளிகளில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து நேரடியாகப் படிக்க வேண்டும். அதற்கான கருவி அவரிடம் இல்லை.

வருகிற மாசியில் முதல் திதி. அதற்குள் அக்கா அவன் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். கார்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, நானே கொண்டு போவேன்.

தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ, மைக்ரோ எஸ்டி கார்டில் இப்படிக் கம்பி பற்றவைத்து உங்களுக்குப் பதிவுகளை மீட்டுக் கொடுத்தவர் யாராவது இருக்கிறார்களா?