சிடி ஸ்கேன் படக் குறியாக்கம்: நம்பையில் திறக்கிறது, பைடார்ச்சில் இரைச்சல்

பாயான்லெப்பாஸ்_07
வணக்கம். மாஸ்டர்ஸ் ஆய்வுக்காக நுரையீரல் சிடி படங்களைக் குறியாக்கம் செய்து கோலாலம்பூரில் இருக்கும் குழுவுக்கு அனுப்ப வேண்டும்; கட்டிகளைப் பிரித்தெடுக்கும் மாடலுக்கு அங்கேதான் பயிற்சி. அர்னால்ட் கேட் மேப்பால் (பிக்சல்களின் இடத்தை மாற்றும் சூத்திரம்) பிக்சல்களைக் கலைத்து, லாஜிஸ்டிக் மேப் (எக்ஸை ஆர்×எக்ஸ்×(1−எக்ஸ்) என்று திரும்பத் திரும்ப மாற்றும் கேயாஸ் சூத்திரம்; ஆர் = 3.99) தரும் எண் தொடரோடு எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட்டு கலக்கும் கணக்கு) செய்கிறேன். படம் 512×512. என்பிசிஆர் (மூலத்தில் ஒரு பிக்சலை மாற்றினால் குறியாக்கிய படத்தில் எத்தனை சதவீதப் பிக்சல் மாறுகிறது என்ற அளவு) 99.61%, எண்ட்ரோபி (சீரற்ற தன்மையின் அளவு, பிட்டில்) 7.999. மடிக்கணினியில் நம்பை (NumPy, பைதான் மொழியின் எண்கணக்கு நூலகம்) சரியாகத் திறக்கிறது. ஜிபியு சர்வரில் பைடார்ச்சில் (PyTorch, மாடல் பயிற்சிக்கான நூலகம்) எழுதியது அதே சாவிக்கு வெறும் இரைச்சலைத் தருகிறது. எங்கே பார்ப்பது? நோயாளியின் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணை ஷா-256 ஹேஷாக (நேரடியாகத் திருப்ப முடியாத குறியீடாக) மாற்றிவிட்டேன், அது போதுமா?

செந்தூல்காரன்
தம்பி, சாவியில் கோளாறு இல்லை, எண்வகையில்தான். நம்பை தசம எண்ணை 64 பிட்டில் வைக்கும்; பைடார்ச், நாம் சொல்லாவிட்டால், 32 பிட்டில். இந்த மேப்பில் கடைசி பிட்டின் வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாகும். 64 பிட்டிலேயே அறுபது சுற்றுக்குள் இரண்டு தொடர்களுக்கும் சம்பந்தம் இருக்காது. எண்வகையை ஒன்றாக்கினாலும், ஓரிடத்தில் ஆர்×எக்ஸ்×(1−எக்ஸ்), இன்னோரிடத்தில் அடைப்பைப் பிரித்து எழுதினால் மறுபடி இரைச்சல்தான். முழு எண் கணக்குக்கு மாறுங்கள்.

ஆனால் உங்கள் எண்கள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. நீங்கள் சொன்ன முறையில் மூலப்படத்தில் ஒரு பிக்சலை மாற்றினால் சைஃபரிலும் (குறியாக்கிய படம்) ஒரே பிக்சல்தான் மாறும், என்பிசிஆர் 0.0004% அளவில்தான் வரவேண்டும். 99.61 வந்ததென்றால் மூலப்படத்தையும் சைஃபரையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒப்பிட வேண்டியது இரண்டு சைஃபர்களை.

எண்ட்ரோபி 7.999 என்றால் கையில் இருப்பது 8-பிட் படம். விண்டோ போட்டு (ஒரு குறிப்பிட்ட அடர்த்தி வரம்பை மட்டும் எடுத்து) பிஎன்ஜி ஆக்கியிருப்பீர்கள். ஹவுன்ஸ்ஃபீல்ட் மதிப்புகள் (சிடி அளக்கும் அடர்த்தி எண்கள்) அங்கேயே போய்விட்டன, குறியாக்கத்தைத் திறந்தாலும் திரும்பாது. டைகாமிலிருந்து (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) 16-பிட்டாகவே எடுங்கள். அப்போது எண்ட்ரோபி 16-ஐத் தொடவில்லையே என்று பதற வேண்டாம்: 2,62,144 பிக்சலுக்கு முழுச் சீரற்ற தரவே 15.81 பக்கம்தான் காட்டும்.

எல்லா ஸ்லைஸுக்கும் (சிடியின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படம்) ஒரே சாவியா? அப்படியானால் முழுக் கறுப்புப் படம் ஒன்றைக் குறியாக்க வைத்தாலே உங்கள் தொடர் அப்படியே வெளியே வந்துவிடும். கலைத்த வரிசையைக் கண்டுபிடிக்க 16-பிட்டில் இன்னும் இரண்டு படங்கள் போதும். அர்னால்டுக்கு அதுவும் வேண்டாம்; 512 பக்கத்தில் 384 சுற்றில் படம் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும், ஆக முயன்று பார்க்க வேண்டியது அவ்வளவுதான். ஆய்வுக்கட்டுரைக்குக் கேயாஸ் இருக்கட்டும். உண்மையான நோயாளிப் படம் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற தரமான குறியாக்க முறையில் போகட்டும்: 256-பிட் சாவி, 12 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் எண்), 16 பைட் டேக் (தரவு மாற்றப்படவில்லை என்று காட்டும் முத்திரை). ஒரே சாவியில் நான்ஸ் இரண்டாம் முறை வரவே கூடாது.

பட்டர்வொர்த்_அக்கா
ஐசி ஹேஷ் போதாது. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), மிச்சம் நான்கே இலக்கம். நூறு வருடத் தேதிகளையும் எல்லா மாநில எண்களையும் சேர்த்தாலும் ஒரு நல்ல ஜிபியு சில நொடிகளில் அத்தனைக்கும் ஷா-256 போட்டுவிடும். ஒவ்வொரு நோயாளிக்கும் சீரற்ற எண் கொடுத்து, அந்த அட்டவணையை மருத்துவமனைக்குள்ளேயே வையுங்கள். ஸ்லைஸுக்கு ஓர் எண் கொடுத்துவிடாதீர்கள்! ஒரே ஆளின் ஸ்லைஸ்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் டைஸ் மதிப்பெண் (மாடல் வரைந்த கட்டி உண்மையான கட்டியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பொய்யாக உயரும்.

டைகாமில் (0010,0010) பெயர், (0010,0020) நோயாளி எண் என்ற இரண்டு டேக்குகளை (தகவல் புலங்கள்) மட்டும் அழித்துவிட்டு நிறுத்தக் கூடாது. பிறந்த தேதி, தனியார் டேக்குகள், படத்தின் மேலேயே அச்சான பெயர் எல்லாம் பார்க்க வேண்டும். டைகாம் தரத்தின் 15-ஆம் பகுதி, இணைப்பு E-யில் முழுப் பட்டியல் இருக்கிறது.

பாயான்லெப்பாஸ்_07
நன்றி அண்ணே, அக்கா. நான் ஒப்பிட்டது மூலப்படத்தோடுதான். சைஃபரை மறுபடி டைகாம் கோப்பாகவே சேமிக்கலாமா?

செந்தூல்காரன்
வேண்டாம். சிடி கோப்பில் 16 பிட் ஒதுக்கியிருந்தாலும் பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் 12. சைஃபர் 16-ஐயும் நிரப்பும். மேல் 4 பிட்டை வெட்டிவிடும் மென்பொருள் வழியில் ஒன்று இருந்தாலும் திறக்க முடியாது. இழப்புள்ள ஜேபெக் பட்டாலும் அதே கதி. தனி பைனரி கோப்பாக வையுங்கள். சுருக்குவதென்றால் இழப்பில்லாத ஜேபெக்-எல்எஸ்ஸில் முதலில் சுருக்கி, பிறகு குறியாக்கம். மாற்றிச் செய்தால் ஒரு பைட்கூடக் குறையாது.