மகள் ஓடுகிறாள், விட்டமின் டப்பாவைப் பிரிக்கவா வேண்டாமா?

அல்சூர்_அம்மா:
வணக்கம். மகளுக்கு 15 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். காலை ஐந்தரைக்குக் கண்டீரவா ஸ்டேடியம், அப்புறம் பள்ளி, சாயங்காலம் ட்யூஷன். மூன்று மாதமாக டைமிங் 2:31-இலேயே நிற்கிறது, கடைசி 200 மீட்டரில் கால் கல்லாகிவிடுகிறது என்கிறாள். கோச் ஒரு துண்டுச்சீட்டில் மல்ட்டிவிட்டமின், விட்டமின் சி 1000 மி.கி., விட்டமின் ஈ, மெக்னீசியம் என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் 3,800 ரூபாய், ஒரு மாதத்துக்கு! வாங்கி வைத்துவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. வீட்டுக்காரரோ "பி.டி. உஷா என்ன டப்பாவா சாப்பிட்டார், கஞ்சி குடித்துத்தானே ஓடினார்" என்கிறார். யார் சொல்வது சரி?

கப்பன்பார்க்_ஓட்டம்:
அக்கா, முதலில் உஷா விஷயம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டதில் சத்துப் போதாமல் கடைசி 35 மீட்டரில் தெம்பு போய்விட்டது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஆக, உங்கள் வீட்டுக்காரர் காட்டிய உதாரணமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது :) அதற்காக டப்பா ஜெயித்துவிட்டது என்றும் இல்லை, அங்கே குறைந்தது சாப்பாடு.

சி-யும் ஈ-யும் சேர்த்து அதிக அளவில் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நானும் ஒரு மாரத்தான் சீசன் முழுக்க முழுங்கியவன், சிறுநீர் மஞ்சளானதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை (அதுவும் கூட எடுத்த பி காம்ப்ளெக்ஸ் செய்த வேலை). 2014-இல் நார்வேயில் 11 வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பாதிக்கு தினம் 1000 மி.கி. சி, 235 மி.கி. ஈ கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே முன்னேற்றம், ஆனால் தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மாத்திரை எடுத்தவர்களிடம் மட்டுப்பட்டிருந்தன. பயிற்சியில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் "இன்னும் பலமாகு" என்று உடம்புக்குச் சொல்லும் சேதி, மாத்திரை அதை அமுக்கிவிடுகிறது என்பது விளக்கம். காசு கொடுத்துப் பயிற்சியின் பலனைக் குறைத்துக்கொள்வானேன்?

ஜெயநகர்_ஃபார்மசி:
மேலே சொன்னது சரி. ஆனால் 15 வயதுப் பெண், மூன்று மாதமாக முன்னேற்றம் இல்லை, கடைசிச் சுற்றில் கால் கனம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடாதீர்கள், ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாவது அதில்தான் முதலில் தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு மேல் மாதவிடாய், வியர்வை, ஓடும்போது பாதம் அடிபட்டு உடையும் சிவப்பணுக்கள் எல்லாம் சேர்கிறது. கூடவே பி12, விட்டமின் டி, முடிந்தால் தைராய்டு.

குறை இருந்தால் மாத்திரை நிஜமாகவே வேலை செய்யும், டைமிங்கிலேயே தெரியும். குறை இல்லாதவருக்கு ஒன்றும் செய்யாது. டெஸ்ட் பார்க்காமல் இரும்பு மாத்திரை கொடுக்கவே வேண்டாம், அது உடம்பிலேயே தங்கும். டி-யும் அப்படித்தான்: 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி அட்மிட் ஆனவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி, குழந்தை டிஃபனோடு காபி குடிக்கிறாளா? அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.

பழைய_கபடிக்காரன்:
யாரும் சொல்லாத ஒன்று. மாநில அளவில் ஓடப்போகிற பெண் என்றால் ஊக்கமருந்து சோதனை வரும். கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்ததில் கிட்டத்தட்ட 15 சதவீதத்தில் லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு சமாசாரம் கலந்திருந்தது, 2004-இல் வந்த ஆய்வு. "எனக்குத் தெரியாது சார்" என்றால் விடமாட்டார்கள், உடம்புக்குள் இருந்தால் பொறுப்பு வீரருடையது. சாதா விட்டமின் மாத்திரையில் இந்த ஆபத்து குறைவுதான், ஜிம் கடைப் பவுடர்தான் பெரிய தலைவலி. எதை வாங்கினாலும் பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வையுங்கள்.

அல்சூர்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டெஸ்ட் எடுத்தாயிற்று. ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 9!! டி-யும் குறைவு, பி12 பரவாயில்லை. டாக்டர் இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதியிருக்கிறார். ஆமாம், இட்லியோடு ஒரு டம்ளர் காபி ஐந்தாம் வகுப்பிலிருந்தே உண்டு, நான் பழக்கியதுதான். இப்போது அதைப் பதினோரு மணிக்குத் தள்ளியாயிற்று, டிஃபனோடு கொய்யா. டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார், அலமாரியில் இருக்கிறது. ஒரே பயம், மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறதாம்?

ஜெயநகர்_ஃபார்மசி:
இரும்பு எடுத்தால் அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள். தார் மாதிரி பிசுபிசுவென்று இருந்தாலோ வயிற்றுவலி வந்தாலோ மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஃபெரிட்டின் பாருங்கள், ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். அந்த டப்பாவையும் வீட்டுக்காரர் எடுத்து முழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.