நகைய மீட்டேனா, மீட்டினேனா?

வண்ணை மச்சி:
ஒரு சின்ன டவுட்டு. போன வாரம் எங்கம்மா வளையல் ரெண்டையும் சேட்டு கடைலேர்ந்து எடுத்துக்கினு வந்தேன், எட்டு மாச வட்டி, அசல் கூட பரவால்ல வட்டி கட்டசொல்லதான் வயிறு எரிஞ்சிது, சரி அத வுடு. ஃபேமிலி குரூப்ல கெத்தா "நகையை மீட்டினேன்"னு போட்டேன். எங்க சித்தப்பா, ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு, "ஏன்டா, வளையல்ல எத்தினி தந்தி இருந்துச்சு"ன்றாரு. எல்லாம் சிரிக்குது, எனுக்கு ஒண்ணும் பிரியல. இதுல இன்னா தப்பு?

பேனாக்காரன்:
சித்தப்பா செம 😂 மீட்டினேன்னா வீணை வாசிச்சேன்னு அர்த்தம் ப்ரோ. அது மீட்டு, மீட்டினேன், மீட்டுவேன். நீங்க பண்ணது மீட்டேன், மீட்பேன். கேட்டேன், கேட்பேன் மாதிரியே வரும், யாராச்சும் "கேட்டினேன்"னு சொல்வாங்களா? வீணைய மீட்டி, நகைய மீட்டு, ஒரு எழுத்துதான். தானா வந்தா அது மீண்டது, கடன்லேர்ந்து மீண்டான்னு சொல்றோமே, அது.

காசிமேடு அக்கா:
எங்க தெருவுல யாரும் மீட்டேன்னு சொல்லி நான் கேட்டதில்ல. "செயின மூட்டணும்"பாங்க, இல்ல "திருப்பணும்"பாங்க. வாய்ல மூட்டணும்னே பழகிட்டு எழுதறப்போ மீட்டணும்னு வந்துடுது, தம்பிக்கும் அதான் ஆயிருக்கும். வட்டி கட்டாம வுட்டா நகை "மூழ்கிடுச்சு"ம்பாங்க. என் கம்மல் அப்டிதான் போச்சு, சீட்டு மட்டும் இன்னும் அரிசி டப்பாவுல கெடக்குது.

வண்ணை மச்சி:
ஓ, ஒரு எழுத்துல மானம் போச்சு. அப்போ ஃப்ரெண்டு எடுத்துனு போன பைக்க திரும்பி வாங்கினா அதுவும் மீட்டதா?

பேனாக்காரன்:
கிண்டலுக்கு சொல்லலாம். சும்மா குடுத்தத திரும்பி வாங்கறது வாங்கறதுதான். ஒரு பிடியிலயோ ஆபத்துலயோ மாட்டிக்கினு இருக்கணும், அப்போதான் மீட்கறது. கடல்ல கவுந்த போட்லேர்ந்து ஆள மீட்டாங்கன்றோம், ஃபயர் சர்வீஸ் பேர்லயே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்னு இருக்கு. ஆந்திரா பக்கம் போன திருத்தணி 1960ல நம்ம பக்கம் வந்துச்சே, அதுக்குப் போராடின ம.பொ.சி.ய திருத்தணிய மீட்டவருன்னுதான் சொல்றோம். கேசு, வேட்புமனு, வுட்ட வார்த்தை இதெல்லாம் வாபஸ்.

வண்ணை மச்சி:
தேங்க்ஸ் தல. குரூப்ல "மீட்டேன்"னு திருத்திட்டேன். சித்தப்பா தம்ஸ் அப் போட்டுட்டு கீழயே "அப்போ செயினு?"ன்னு கேக்கறாரு. அது இன்னும் உள்ளதான் கீது.