‘லவ்லி லேடீஸ்’ பாட்டில் என் மகள்

அமெரிக்காவில் என் மகள் படித்த ஹைஸ்கூலில் வருடாவருடம் போடும் மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்துக்கு, நான் உடை தைத்துக் கொடுத்து வந்தேன். இந்த வயதுப் பிள்ளைகளை மேடையில் எதுவரை செய்யச் சொல்லலாம் என்ற கவலை முதல் வருடமே வந்துவிட்டது. அந்த வருடத்திலிருந்தே சொல்கிறேன்.

அந்த நாடகத்தில் ஒரு முத்தம் இருந்தது. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி. மூன்று மாத ஒத்திகையிலும் அந்த இடம் வரும்போது ‘இங்கே முத்தம்’ என்று வாயால் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். அரங்கேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, லைட்டும் மைக்கும் ஆர்கெஸ்ட்ராவும் வந்து உட்கார்ந்த பிறகு, ‘சரி, இன்றைக்குச் செய்துவிடுங்கள்’ என்றார் ஆசிரியர். பையன்கள் விசில் அடித்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. செய்து முடித்துவிட்டு நேராக உடை அறைக்கு வந்து, நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கீழே கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் டப்பாவில் போட்டுக்கொண்டே, ‘ஆன்ட்டி, முடியாதுன்னு சொல்லியிருந்தா என் வேஷத்தை வேற யாருக்காவது குடுத்திருப்பாங்களா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அடுத்த வருடம் வேறொரு ஆசிரியை வந்தார். அவர் எடுத்துக்கொண்டது ‘லே மிசராப்’. நமக்குத் தெரிந்த கதைதான். விக்டர் ஹியூகோவின் அந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. கதையில் ஃபான்டீன் என்ற பெண் தொழிற்சாலை வேலை போய், எங்கேயோ வளரும் தன் குழந்தைக்குப் பணம் அனுப்பத் தலைமுடியை விற்று, கடைசியில் உடம்பையே விற்கிறாள். மியூசிக்கலில் அதற்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. ‘லவ்லி லேடீஸ்’ என்று துறைமுகத்துப் பெண்கள் மாலுமிகளைக் கூப்பிடுகிற பாட்டு.

ஆசிரியை செய்த முதல் காரியம், வேடத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்ததுதான். ஸ்கிரிப்டை கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ‘அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிட்டால் என்ன?’ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எடுக்க முடியாதாம். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் பணம் கட்டித்தான் பள்ளிகள் நாடகம் போடுகின்றன. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. மாணவர்களுக்கென்று அவர்களே சுருக்கித் தரும் பள்ளிப் பதிப்பைத்தான் போடலாம், அதிலும் இந்தப் பாட்டு இருக்கிறது.

பள்ளிப் பதிப்பு என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஹைஸ்கூல் பிள்ளைகளைப் பற்றிய ‘கிரீஸ்’ என்ற மியூசிக்கலின் பள்ளிப் பதிப்பில் சிகரெட்டையும் குடியையும் எடுத்தார்கள், சரி. கூடவே ரிஸ்ஸோ என்ற பெண் கர்ப்பமாகிவிட்டோமோ என்று பயப்படும் பகுதியும் அவள் பாடும் பாட்டும் போய்விட்டன. அந்தக் கதையிலேயே ஒரு பதினேழு வயதுப் பெண் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். அதை எடுத்தது தப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு படிவம் கொடுத்தார். முத்தம், இடுப்பைப் பிடிப்பது, தூக்குவது, கெட்ட வார்த்தை, துப்பாக்கிச் சத்தம் என்று வரிசையாக இருந்தது. எது முடியும், எது முடியாது என்று பிள்ளையே தனியாகக் குறிக்க வேண்டும். பெற்றோருக்கு வேறு தாள். முடியாது என்று குறித்தால் காட்சியைத்தான் மாற்றி அமைப்பார்களே தவிர, வேடத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்று மேலேயே அச்சடித்திருந்தது. அதைப் படித்தபோது மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

யாருக்கு எந்த வேடம் என்ற பட்டியல் வந்தபோது என் மகளும் அந்தத் துறைமுகக் கூட்டத்தில் ஒருத்தி. ஒத்திகையில் மாலுமியின் கை அவள் மேல் படும் இடத்தை, நட்டுவாங்கம் மாதிரி எண்ணிக்கை வைத்துப் பழக்கினார்கள். ஐந்தாம் எண்ணில் தோளில் கை, ஏழில் எடுத்துவிட வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் அந்தக் காட்சியைப் பழகவே கூடாது. உடை என் பொறுப்பு. இறுக்கமான ரவிக்கை எதுவும் வேண்டாம், குளிரும் பசியும் தெரிந்தால் போதும் என்றார் ஆசிரியை. பழைய வெள்ளைப் போர்வைகளை டீ டிகாக்‌ஷனில் கொதிக்கவைத்து, ஓரத்தைச் சீப்பால் கிழித்துச் சால்வையாக்கினேன்.

அந்தச் சமயம் புதுக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே சொன்னேன். ‘நம்ம ஊர் திருவிழாவுல வள்ளி திருமணம் நாடகத்துல பபூன் பேசாத பேச்சா? நீங்கள்லாம் பாய்ல தூங்கிட்டீங்கன்னு நெனச்சுப்போம். நீ முழிச்சுக்கிட்டுத்தான் கிடப்பே’ என்றார். உண்மைதான். எல்லாம் கேட்டேன். எதையும் யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. நாடகம் முடிந்து காரில் வரும்போது என் மகள், ‘பாட்டி, அவளுக்கு வேற வேலையே கிடைச்சிருக்காதா?’ என்று கேட்டாள். வீடு வரும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

*

இதைப் படித்துவிட்டு நியூஜெர்சியிலிருந்து ஓர் அப்பா எழுதியது:

அக்கா, உங்களுக்குப் பாட்டு, எங்கள் பக்கம் ஒரு சொல். 2017இல் செர்ரி ஹில் ஈஸ்ட் ஹைஸ்கூலில் ‘ராக்டைம்’ போட இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்காவைப் பற்றிய மியூசிக்கல் அது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல் அதில் வருகிறது. புகார் வந்ததும், அதை நீக்கிவிடுகிறோம் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு முடிவை மாற்றி, அந்தச் சொல்லின் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, எழுதியபடியே போட்டார்கள்.

என் பிள்ளைகள் படித்தது வேறு பள்ளியில். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க இதே பேச்சு. நான் நீக்கத்தான் வேண்டும் என்றேன். கூடப் படிக்கும் பையன் வாயிலிருந்து ஒத்திகைதோறும் அந்தச் சொல்லைக் கேட்கப் போகும் கறுப்பினப் பிள்ளையை நினைத்தேன். என் மகன்தான் கேட்டான்: ‘அப்பா, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் காட்டாமல் சாதிக் கொடுமையைப் பற்றி நாடகம் போட முடியுமா?’ முடியாது. என் அப்பாவை அப்படித் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். அதை மெல்லிய சொல்லாக்கி மேடையில் வைத்தால் எனக்குத்தான் கோபம் வரும். அன்றைக்கு நான் கட்சி மாறிவிட்டேன். ஆனால் அந்தக் கறுப்பினப் பிள்ளையின் வீட்டாரிடம் முதலில் போய்ப் பேசியிருக்க வேண்டும் என்பதில் மாறவில்லை.

*

போன வருடம் ஹைஸ்கூல் முடித்த ஒரு பெண் எழுதியது:

கைபேசியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பள்ளி நாடகத்தில் நானும் இந்த மாதிரி ஒரு வேடம்தான் செய்தேன். மேடையில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, கதை முழுக்கத் தெரியும். முதல் நாள் யாரோ பன்னிரண்டு விநாடி மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அதில் கதை இல்லை, நான் மட்டும் இருந்தேன். மறுநாள் மதியம் சாப்பாட்டு ஹாலில் பையன்கள் என்னைப் பார்த்து அந்த வரியைப் பாடினார்கள்.

எங்கள் ஸ்டேஜ் மேனேஜரும் மாணவிதான். அன்று சாயங்காலம் அவளாகவே இரண்டு அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்று, பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கைபேசியை வாங்கிப் பெயர் எழுதி வைத்தாள். யாரும் அவளை அதைச் செய்யச் சொல்லவில்லை. நான் அந்தப் பாட்டுக்கு மேடையேறியபோது அரங்கில் ஒரு வெளிச்சப் புள்ளிகூட இல்லை.