30 சதவீதம் என்றால் தேர்வில் கூடுதல் நேரம் கிடையாதா?

கொல்லங்கோட்டு அண்ணன்:
தங்கை நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. வலது கையில் பாதிப்பு; மாற்றுத்திறனாளி சான்றிதழில் 30 சதவீதம். செமஸ்டருக்குக் கூடுதல் நேரம் கேட்டால், "40 இல்லையே" என்று அனுப்பிவிடுகிறார்கள். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி மூன்று தடவை போயாச்சு. இது நியாயமா?

தக்கலை வாத்தியார்:
வருத்தம்தான் தம்பி. ஆனால் எங்கேயாவது ஒரு கோடு வேண்டாமா? மணிக்கு 20 நிமிடம் என்றால் மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பக்கத்து பெஞ்சுக்காரன் சும்மா இருப்பானா? சொல்வதை எழுத வந்தவரே விடையையும் சொல்லிக்கொடுத்ததை ஹாலில் பார்த்தவன் நான்.

குளச்சல் வக்கீல்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்த 40, உயர்கல்வியின் 5 சதவீத இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான கோடு சார். பரீட்சை எழுத உதவி கேட்பது வேறு விஷயம். விகாஸ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். வரம்புக்குள் வரவில்லை என்று யுபிஎஸ்சி எழுத ஆள் தர மறுத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2022 ஆகஸ்டில் 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது.

தக்கலை வாத்தியார்:
நடத்துகிறவர்களுக்கு அளவுமீறிய சுமை ஆகக் கூடாது என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது.

குளச்சல் வக்கீல்:
ஒரு பிள்ளைக்காக ஒருவர் ஒரு மணி நேரம் கூட உட்கார்வதா சுமை?

கொல்லங்கோட்டு அண்ணன்:
அவள் எழுத ஆள் கேட்கவே இல்லை சார். சமன்பாட்டையும் சர்க்யூட் படத்தையும் வாயால் சொல்லி வரைய வைக்க முடியுமா? முக்கால் மணி நேரம் எழுதினால் விரல் மடங்கிவிடும். ஐந்து நிமிடம் விட்டால் சரியாகும். இதை யாரும் கேட்கவில்லை, அட்டையில் உள்ள நம்பரைத்தான் பார்த்தார்கள்.

தக்கலை வாத்தியார்:
ஆள் வேண்டாமா? முதலிலேயே சொல்லக் கூடாதா மக்களே! நான் பயந்ததே அதற்குத்தான். ஒரு மணி நேரம் முழுசாகத் தருவதில் எனக்கு இப்பவும் சம்மதமில்லை, அது கிடக்கட்டும். மனுவில் "எழுதச் சிரமம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்த முக்கால் மணிக் கணக்கை டாக்டரிடம் எழுதி வாங்கிச் சேருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார். இல்லையென்றால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். கவுன்டரில் இருப்பவர் முடிவெடுக்க முடியாது.

கொல்லங்கோட்டு அண்ணன்:
தன்னாட்சி இல்லை. மூன்று தடவையும் கவுன்டரோடுதான் திரும்பியிருக்கிறேன்.

குளச்சல் வக்கீல்:
நாலாவது தடவை மனுவின் நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.