காலாண்டு விடுமுறையில் அடிஸ் அபாபா: அம்மாவையும் மகனையும் எங்கே அழைத்துச் செல்லலாம்?

ராணிப்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் இரண்டு ஆண்டுகளாக எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோஜோ என்ற ஊரில் ஒரு டேனரியில் பணிபுரிகிறார். நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தும் தோல் வேலைக்காக அங்கே சென்றவர்கள் இருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மகனுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி வாரத்தில், அவனையும் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு எட்டு நாள்கள் சென்றுவர முடிவு செய்திருக்கிறோம்.

அம்மாவுக்கு 66 வயது. குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சுத்த சைவம். முழங்கால் வலி உண்டு. மகன் எட்டாம் வகுப்பு. வரலாறு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய பட்டியலில் ஒரே நாளில் ஒன்பது இடங்கள் இருக்கின்றன. அம்மாவை வண்டியில் ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும் என்று அஞ்சுகிறேன். எவற்றை அவசியம் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதைச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் நெருப்பு வளர்க்கும் திருவிழா ஒன்று வருவதாகக் கணவர் சொன்னார். அதைப் பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சத்துவாச்சாரி ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, நான் 1984 முதல் ஆறு ஆண்டுகள் எத்தியோப்பியாவில் கணிதம் கற்பித்தேன். 2024இல் மீண்டும் ஒருமுறை சென்று வந்தேன். அந்த ஒன்பது இடப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிடுங்கள். சிதிஸ்ட் கிலோ, அராட் கிலோ என்று இரண்டு நாற்சந்திகள் இருக்கின்றன. அவர்கள் மொழியில் ஆறு கிலோ, நான்கு கிலோ என்று பொருள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே சாலையில், உங்கள் மகனுக்கு இரண்டு நாள்களுக்குப் போதுமானவை இருக்கின்றன.

முதலில் தேசிய அருங்காட்சியகம். 1974இல் அஃபார் பகுதியின் ஹடாரில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழமையான, லூசி என்ற மனித மூதாதைப் பெண்ணின் எலும்புகளை இங்கே காணலாம். காட்சியில் இருப்பது அச்செடுத்த படி. மூல எலும்புகளைப் பாதுகாப்பறையில் வைத்திருக்கிறார்கள். அந்நாட்டினர் அவளை டிங்கினேஷ், அதாவது 'நீ அற்புதமானவள்' என்று அழைக்கிறார்கள். நிமிர்ந்து நடந்த அந்தப் பெண்ணின் உயரம் மூன்றரை அடிதான். அங்கே நின்ற ஒரு பள்ளிச் சிறுமி தன் இடுப்போடு அந்த எலும்புக்கூட்டை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அங்கிருந்து சற்று மேலே சென்றால் பல்கலைக்கழக வளாகம். ஒரு காலத்தில் பேரரசர் ஹைலே செலாசியின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் இனவியல் அருங்காட்சியகம் இயங்குகிறது. என் கணிப்பில் அந்நகரத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். பொருள்களை இனவாரியாகப் பிரித்து அடுக்காமல், பிறப்பு, குழந்தைப் பருவம், திருமணம், உழைப்பு, இறப்பு என்று மனித வாழ்க்கையின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். தொட்டிலிலிருந்து தொடங்கிக் கல்லறைக் கம்பங்கள் வரை நடந்து முடிக்கும்போது, அந்நாட்டின் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே குடும்பமாகப் பார்த்துவிட்ட உணர்வு வரும். பேரரசரின் படுக்கையறையையும் குளியலறையையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

வெளியே தோட்டத்தில் வானத்தை நோக்கிச் சுழன்றேறி எங்கும் போய்ச் சேராமல் முடிகிற ஒரு கற்படிக்கட்டு இருக்கிறது. மகனிடம் அதைக் காட்டத் தவறாதீர்கள். ஐந்தாண்டுக் காலம் நகரத்தைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியர்கள், முசோலினி ஆட்சியில் அமர்ந்தபின் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு படி என்று கட்டியது அது. அவர்கள் துரத்தப்பட்ட பிறகு எத்தியோப்பியர்கள் அதை இடிக்கவில்லை. உச்சிப் படியில் தங்கள் அரச சின்னமான சிங்கத்தின் சிலையை அமர்த்திவிட்டார்கள். வளாகத்துக்கு வெளியே சதுக்கத்தில் நிற்கும் தூண், 1937 பிப்ரவரியில் மூன்றே நாள்களில் இத்தாலியர் கொன்று குவித்த ஆயிரக்கணக்கான நகர மக்களுக்கானது.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவையெல்லாம் விளங்கும். அவனை பியாஸா பகுதியில் 2024இல் திறக்கப்பட்ட அட்வா வெற்றி நினைவு அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியப் படையை வென்றதால்தான், ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்திலும் அந்நாடு தலைநிமிர்ந்து நின்றது. பழைய பியாஸாவின் பல வீடுகளையும் கடைகளையும் அண்மையில் இடித்துவிட்டார்கள். நான் தேநீர் குடித்த தெருவையே என்னால் அடையாளம் காண முடியவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மகன் விரும்பினால் அவர்களின் ஃபிதெல் எழுத்துகளையும் கற்றுக்கொள்ளட்டும். 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் உயிரொலியைப் பொறுத்து ஏழு வடிவங்கள். நம் உயிர்மெய் அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்தச் சுவரொட்டியைப் பார்த்தவுடனே அமைப்பு பிடிபட்டுவிடும்.

மெஸ்கெல் சதுக்கத்தின் அருகே, 2010இல் திறக்கப்பட்ட சிவப்புப் பயங்கர நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் டெர்க் இராணுவ ஆட்சி கொன்றவர்களின் நினைவிடம் அது. அதையும் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆம்பூர் தோல்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், கடைசி இடத்தைத் தவிர. அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் மண்டையோடுகளையும் எலும்புகளையும் இறந்தவர்களின் உடைகளோடு வைத்திருக்கிறார்கள். சுவர் நிறைய இளைஞர்களின் முகங்கள். அவர்களில் பலர் இருபது வயதைக்கூடத் தாண்டாதவர்கள். நான் பார்த்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை. பெரியவர்கள் பார்க்க வேண்டிய இடம்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்லுமுன் நீங்களோ கணவரோ ஒருமுறை தனியே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சகோதரி.

உங்கள் அம்மாவுக்கான இடம் ஷிரோ மேடா. எந்தோட்டோ மலையின் அடிவாரத்தில் உள்ள கைத்தறித் துணிச் சந்தை அது. வெள்ளைப் பருத்தித் துணியில் 'திபெப்' என்னும் வண்ணக்கரை போட்ட நீண்ட அங்கிகளும், 'நெட்டெலா' என்னும் மெல்லிய மேலாடையும், குளிருக்குப் போர்த்தும் கனத்த 'கபி'யும் கடை கடையாகத் தொங்கும். தென்பகுதி மலைகளிலிருந்து வந்து குடியேறிய டோர்ஸே இனத்து நெசவாளர்கள் அந்தப் பக்கத்துச் சந்துகளில் தறி போட்டிருக்கிறார்கள். தரையில் குழி வெட்டி, காலை உள்ளே விட்டு மிதிக்கும் குழித்தறிதான். நான் சென்றபோது ஒருவர் கரைக்கான நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி, வண்ண இழையைக் கோத்து, அடுத்த வரிக்குப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் கரைக்கு அரை மணி நேரம் ஆனது. நூற்பது பெண்கள், நெய்வது ஆண்கள். உங்கள் அம்மா அந்தத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மொழியே தேவைப்படாது.

நம் தொழிலைச் சேர்ந்தவர் குடும்பம் என்பதால் ஒன்று சொல்கிறேன். எத்தியோப்பிய மேட்டுநிலச் செம்மறித் தோல் கையுறைக்குப் பெயர் பெற்றது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அடிஸ் அபாபாவின் தோல் தொழில் நிறுவனமும் இணைந்து பணியாற்றியிருக்கின்றன. ஆனால் அந்நாட்டுத் தோல்வேலையின் உச்சத்தைக் காண வேண்டுமானால் ஆசிரியர் சொன்ன இனவியல் அருங்காட்சியகத்திலும் தேவாலயங்களிலும் உள்ள பழைய கையெழுத்து நூல்களைப் பாருங்கள். ஆட்டுத் தோலைப் பதனிடாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டி, சதையையும் மயிரையும் சுரண்டி, உலரவைத்துத் தேய்த்த ஏடுகள் அவை. சாயமோ சுண்ணத்தொட்டியோ எனக்குப் புதிதல்ல. ஆனால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஒரு தோலை மெலிதாக்கி அதில் எழுதியிருப்பதைக் கண்டபோது நெடுநேரம் நின்றுவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மரபுவழிக் கிறித்தவர்கள் புதன், வெள்ளி இரு நாள்களிலும் இறைச்சி, பால், முட்டை எதுவுமின்றி விரதம் இருப்பார்கள். அந்நாள்களில் எந்தச் சிற்றுணவகத்திலும் விரதத் தட்டு கிடைக்கும். மற்ற நாள்களிலும் 'யெத்ஸோம் பெயாய்நெட்டு' என்று கேட்டால் பல இடங்களில் தருவார்கள். பெரிய வட்டத் தட்டில் இஞ்செரா, அதன்மேல் துவரை போன்ற பருப்புக் குழம்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் சிறு சிறு குவியலாக வரும். 'தெஃப்' என்ற தானியம் கேழ்வரகைவிடப் பொடியானது. இஞ்செராவுக்கு அதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, பெரிய மண் கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்கள். பார்ப்பதற்கு ஆப்பமும் தோசையும் கலந்தது போலக் கண்ணறை கண்ணறையாக இருக்கும். புளிப்பு சற்று அதிகம். விரத நாளிலும் சிலர் மீன் சேர்ப்பதுண்டு. ஆகவே 'ஸிகா அல்பெலாம்', இறைச்சி உண்பதில்லை, என்பதோடு 'ஆசா' என்ற மீனும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். விருந்தாக அழைத்தவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்டினால் அதற்குக் 'குர்ஷா' என்று பெயர். அது அன்பின் அடையாளம், மறுக்கக் கூடாது.

மெர்காட்டோ சந்தைக்கு அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளுள் ஒன்றுதான். ஆனால் நெரிசலும் ஜேப்படியும் அதிகம். கணவரும் மகனும் உள்ளூர் நண்பர் ஒருவரோடு காலையில் ஒரு மணி நேரம் சென்று வரட்டும்.

வேலூர்ச் செவிலியர்:

சுற்றிப் பார்ப்பதைவிட முதலில் கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அதற்கான சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டு, மூன்றே நாளில் திரும்பி வந்து விமான நிலையத்தில் அல்லல்பட்டது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முக்கியமானது ஒன்று: 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதே எனினும், மற்றவர்களைவிடக் கூடுதல். உங்கள் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் எல்லா மருந்துச் சீட்டுகளோடும் சென்று கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். விலக்குச் சான்று பெறுவதானால், இங்கே இறங்கும்போது அதை எவ்வாறு ஏற்பார்கள் என்பதை விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். அடிஸ் அபாபா உதகையைவிட உயரத்தில் இருக்கிறது. எந்தோட்டோ மலை தொட்டபெட்டாவையும் மிஞ்சும். வேலூர் வெயிலில் இருந்து நேரே போய் இறங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே மலையை ஐந்தாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். அங்கே 1889இல் மெனெலிக் முடிசூடிய மரியம் தேவாலயமும் அவருடைய எளிய பழைய அரண்மனையும் இருக்கின்றன. வண்டி மேலே வரை செல்லும். மாலையில் குளிரும், மழையும் முழுவதாக விட்டிருக்காது. அம்மாவுக்குச் சால்வையும், வழுக்காத செருப்பும் அவசியம்.

ராணிப்பேட்டை வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தறியைப் பற்றிப் படித்துக் காட்டியதும் அம்மா, "பாவு எத்தனை முழம் போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொல்" என்றார். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். சிவப்புப் பயங்கர அருங்காட்சியகத்தைக் கணவர் முதலில் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அந்த நெருப்புத் திருவிழாவைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லையே?

திருவண்ணாமலைப் பெண், அடிஸ் அபாபாவிலிருந்து:

வணக்கம் அக்கா. அதற்கு மெஸ்கெல் என்று பெயர். இயேசு அறையப்பட்ட சிலுவையை எலெனி அரசி கண்டெடுத்ததை நினைவுகூரும் நாள். பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் 27. முந்தைய மாலையில் தெமெரா. நீண்ட கம்புகளைக் கூம்பாகக் கூட்டி நிறுத்தி, உச்சியில் அப்பருவத்தில் மட்டும் பூக்கும் 'அதெய் அபெபா' என்ற மஞ்சள் பூக்களால் சிலுவை கட்டி, பாதிரியார்கள் பாடி வலம் வந்தபின் தீ மூட்டுவார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட விழா இது.

கார்த்திகைக்குச் சொக்கப்பனை பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் ஆண்டு அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பெண்கள் எழுப்பும் 'இலில்தா' ஒலி அப்படியே நம் குலவைதான். எரியும் கூம்பு எந்தத் திசையில் சாய்கிறதோ அதை வைத்து வரும் ஆண்டின் பலன் பார்ப்பார்கள்.

மெஸ்கெல் சதுக்கத்தில் நடப்பதுதான் பெரிய தெமெரா. ஆனால் மதியமே சாலைகளை அடைத்துவிடுவார்கள், பல இடங்களில் சோதனை, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு பேட்டையிலும் தேவாலயத்தின் முன்பும் தெருமுனையிலும் சிறிய தெமெரா எரிப்பார்கள், மோஜோவிலும் எரிப்பார்கள். கணவரோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள். நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைப்பார்கள். பிறகு காப்பிக்கு அழைப்பார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, குந்திரிக்கம் புகைத்து, கொட்டையை உங்கள் கண்முன்னே வறுத்து இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவதுதான் ஆசி, அதற்கு முன் எழுந்து வரக் கூடாது. எனவே அந்த மாலையில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்கு அடுத்த வார இறுதியில் ஒரோமோ மக்களின் இரெச்சா நன்றித் திருநாள் வரும். மோஜோவுக்கும் தலைநகருக்கும் நடுவே உள்ள பிஷோஃப்டு ஏரிக்கரையில் லட்சக்கணக்கில் கூடுவார்கள். அந்த இரு நாள்களில் சாலைப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். நேரம் பேசும்போதும் கவனம் தேவை. நம் நாழிகைக் கணக்கைப் போலவே இவர்களும் காலையிலிருந்து எண்ணுவதால், நம் ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. யாராவது மாலை பன்னிரண்டு மணிக்குத் தீ மூட்டுவோம் என்றால் ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள்.

தீ அடங்கியதும் அந்தக் கரியைத் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்வார்கள். என் நெற்றியில் முதன்முதலாக இட்டவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. உங்கள் அம்மாவையும் யாராவது அருகே அழைப்பார்கள். வெள்ளை நெட்டெலா ஒன்றை ஷிரோ மேடாவில் முன்னதாகவே வாங்கிப் போர்த்தி அனுப்புங்கள்.